நார்மல் அண்ணன்

அத்தியாயம் பதினான்கு

'நீ நார்மல் இல்லை' என்று கூடப்பிறந்த அண்ணனிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பித்துச் சொல்வது?

'உனக்கு ஒன்றுமில்லை, ஆனால்...' என்று ஆரம்பிக்கலாம். அந்த 'ஆனால்' வந்ததுமே அவன் முகம் விழுந்துவிடும். 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிக்கலாம். சின்ன விஷயத்துக்கு யாராவது வேலைக்குப் போகிறவனைக் காலை ஏழரை மணிக்கு வழிமறித்து விரலில் குத்துவார்களா? பேசாமலே இருந்துவிடலாம். ஏழு வருடம் பேசாமல்தானே இருந்தோம். ஆனால் அது தெரியாமல் இருந்தது. இனிமேல் இருந்தால் அது தெரிந்து இருப்பது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

"பால் போச்சு," என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியும்."

"மச்சானை இன்னிக்கு வரச் சொல்லியிருக்கியா?"

"ஏழரைக்கு வரான்."

"சொல்லப் போறியா?"

"முதல்ல ரத்தம் எடுக்கணும். அப்புறம் பார்க்கலாம்."

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு நிலையத்துல கமிட்டி. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வெளியில போகக் கூடாது. அண்ணனே ஆனாலும்."

"அவன் ரத்தம்ங்க அது."

"உங்க அண்ணன் வாய் எப்படின்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் வாய் எப்படி என்று அவளுக்கும் தெரியும். கறை படிந்த அடுப்பைத் துடைத்தாள். வியாழக்கிழமையிலிருந்து சரியாகத் தூங்காத உடம்பு, துணியைப் பிழிவதற்குக்கூட யோசித்தது.

வியாழக்கிழமை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அவர்கள் இருவரும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவர் இயக்குநர். அவள் பரிசோதனைக்கூடத்தின் தலைவி. வீட்டில் 'என்னங்க', வாசல் கேட்டைத் தாண்டினால் 'சார்'. மேடத்துக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு புருஷன், உள்ளே ஒரு மேலதிகாரி என்று காவலாளி சொல்வதுண்டு.

பிறந்த இரண்டாம் நாள், குழந்தையின் குதிகாலில் குத்தி, கெட்டியான காகித அட்டை ஒன்றில் நாலு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து அந்த அட்டைகள் கட்டுக்கட்டாக அவளிடம் வரும். பெற்றவர்கள் தெரியாமலே பிள்ளைகளுக்குக் கடத்திவிடும் கோளாறுகளை அவள் அந்தச் சொட்டில் தேடுவாள். சாப்பிட்டதை உடம்பு ஜீரணித்துப் பயன்படுத்த முடியாத கோளாறுகள், ரத்தமே தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் கோளாறுகள் என்று பன்னிரண்டு வகை. அதில் ஒன்று, ஒரு வைட்டமினை வீணாக்காமல் மறுபடி மறுபடி எடுத்துத் தருகிற ஒரு என்சைம் குறைவாக இருப்பது. கண்டுபிடித்துவிட்டால் தினம் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம். கண்டுபிடிக்காவிட்டால் தோல், தலைமுடி, வலிப்பு, சில பிள்ளைகளுக்குக் காது.

குறைவு என்று சொல்ல ஓர் அளவு வேண்டுமே? ஆரோக்கியமான பத்துப் பேர் ரத்தத்தைக் கலந்து, அதை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். குழந்தையின் எண் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகும்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு நீண்ட விடுமுறையில் உறைபெட்டி நின்றுபோய், அந்தக் கலவை கெட்டுவிட்டது. புதுக் கலவைக்கு ஆள் சேர்த்து, அனுமதி வாங்கி, சோதித்து முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அது வரை அட்டைகள் காத்திருக்குமா? குழந்தைகள்தான் காத்திருக்குமா? அப்போது வாராவாரம் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் வந்து, சிரித்துக்கொண்டே விரலை நீட்டியவன் அவள் அண்ணன். தலைவலி என்று ஒரு நாள் படுத்தறியாதவன். இரண்டு மாடிக்கு பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன். அவன் ரத்தம்தான் அந்தப் பதினோரு மாதமும் நூறு.

அந்த நூறு உண்மையில் ஐம்பத்துச் சொச்சம் என்று போன வியாழக்கிழமை, அவனுடைய பழைய அட்டையைச் சோதித்த புதுக் கருவி சொன்னது.

ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தேகம் வளர்ந்து, அவள் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். என்சைம் எவ்வளவோ அவ்வளவு ஒளி காட்டும் கருவி அது; அண்ணனுடைய ரத்தத்தை வைத்தபோதெல்லாம் ஒளி மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு இடங்களில், பக்க ஓரத்தில், அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'விளக்கு பழசு. மாற்ற வேண்டும்.' இரண்டு முறை விளக்கை மாற்றியும் இருக்கிறார்கள். கருவியைச் சந்தேகப்பட்டாள், விளக்கைச் சந்தேகப்பட்டாள், மின்சாரத்தைக்கூடச் சந்தேகப்பட்டாள். அண்ணன் நன்றாக இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் அளக்கவில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டு, எண் குறைவாக இருந்த அறுபது பழைய அட்டைகளை மறுபடி சோதித்ததில், நல்ல குழந்தைகள் என்று தப்பாக அனுப்பப்பட்டவர்கள் மூன்று பேர். இப்போது ஏழு வயது. ஒருத்தி இதே ஊரில். ஒரு பையன் வேறு ஊரில், இதுவரை நன்றாக இருக்கிறான். மூன்றாவது குழந்தையின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. முகவரியில் இருந்த கட்டடத்தை இடித்து அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

*

அண்ணன் ஏழு இருபத்தைந்துக்கே வந்துவிட்டான். நீல மேலங்கி, தோளில் கருவிப் பை. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் தன்னால்தான் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார்கள் என்று சொல்லிக்கொள்வான்.

அட்டையிலிருந்து ரத்த வட்டத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைத்தெடுக்கும் பஞ்ச் அக்கா கதவைத் திறந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பதினைந்து வருடமாக அந்தத் துளைக்கருவியோடு இருக்கிறவள்.

"வாங்கண்ணா. உட்காருங்க."

அண்ணன் நின்றுவிட்டான். "என்னக்கா, வாங்கண்ணாங்கறீங்க? எப்பவும் 'நார்மல் சார் வந்தாச்சு, எழுந்து நில்லுங்க'ன்னுல்ல கத்துவீங்க? பட்டத்தைப் பறிச்சுட்டீங்களா?"

பஞ்ச் அக்கா தட்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"கையைக் காட்டுண்ணா," என்றாள் தங்கை.

"அதான் பத்துப் பேர் கிடைச்சுட்டாங்கன்னு எனக்கு ஓய்வு கொடுத்துட்டீங்களே பாப்பா. மறுபடி என்ன? அந்தப் பத்தும் போலியா?"

ஐம்பத்து மூன்று வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள்தான் மிச்சம். அவன் விரலைப் பிடித்தாள். தடித்த விரல். ரேகைகளுக்குள் மசகு கறுப்பாக ஓடியது. எத்தனை முறை பஞ்சால் துடைத்தும் போகவில்லை. முதல் குத்தில் ரத்தம் வரவில்லை.

"இதுக்கு ஊசி பத்தாது. என் பையில டிரில்லிங் மெஷின் இருக்கு, தரவா?"

இரண்டாவது குத்தில் வந்தது. நாலு சொட்டு. நாலு வட்டம்.

வெளியே நடையில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. கருவி வந்த பெட்டி. அதன்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சொல்லக் கூடாது என்று காலையில் கணவர் கேட்டுக்கொண்டதை அவள் மறக்கவில்லை. ஆனால் பஞ்சால் விரலை அழுத்திக்கொண்டு அவன் அவளையே பார்த்தான்.

"என்னாச்சு? எனக்கு ஏதாவது வந்திருக்கா? சும்மா சொல்லு. மாப்பிள்ளை வரப்போற வயசு தாண்டி, தாத்தா ஆகப் போற வயசு."

"உனக்கு ஒண்ணும் வரலைண்ணா. வரவும் வராது."

"அப்ப ஏன் நீ செத்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கே?"

அவள் சொன்னாள். எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாள் என்று பிறகு யோசித்தபோது நினைவு வரவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்த என்சைமுக்கு இரண்டு மரபணு, அவனுக்கு ஒன்று சரி, ஒன்று பழுது, சரியான ஒன்றே ஆயுசுக்கும் போதும், அதனால்தான் அவனுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அளவு பாதி.

அண்ணன் நடையின் கோடியில் இருந்த லிஃப்டைப் பார்த்தான். பிறகு கேட்டான், "நாங்க லிஃப்டை எப்படிச் சோதிப்போம் தெரியுமா?"

"சொல்லு."

"எடைக்கல் வச்சு. இருபது கிலோன்னு மேல எழுதியிருக்கும். இத்தனை கல்லு ஏத்தி, தூக்குதா, பிரேக் பிடிக்குதான்னு பார்ப்போம். அந்தக் கல்லே பத்துக் கிலோதான்னா..."

"ஆமாண்ணா."

"எல்லா லிஃப்டும் பாஸ் ஆயிடும்."

"ஆமா."

"நான்தான் அந்தக் கல்லு."

அவள் தலையை அசைத்தாள்.

"எத்தனை பேர் ஏறியிருக்காங்க அந்த லிஃப்ட்ல?"

"மூணு பிள்ளைங்க."

அவன் பஞ்சை எடுத்து விரலைப் பார்த்தான். ரத்தம் நின்றிருந்தது. மறுபடியும் பஞ்சை வைத்து அழுத்தினான். "நான் என்னமோ நாட்டுக்கே நான்தான் அளவுகோல்னு வேலை செய்ற இடத்துலல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன் பாப்பா. உங்க அண்ணிகிட்ட சண்டை வந்தாக்கூட, 'நான் நார்மல், கவர்மென்ட் சொல்லியிருக்கு, உன்னைத்தான் சோதிக்கணும்'னு சொல்வேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண்ணும் நனைந்தது.

"தப்பு கல்லு மேல இல்லண்ணா. கல்லை எடை போடாம வச்சவ மேல."

"அது சரி. ஆனா கல்லுக்கும் மனசு இருக்கே." அவன் எழுந்தான். பையைத் தோளில் மாட்டியவன் மறுபடி இறக்கினான். "என் பொண்ணுக்கு இப்ப அஞ்சாம் மாசம்."

"அவளுக்கும் ஒரு மரபணு பழுதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் மாப்பிள்ளைக்கும் இருந்தாத்தான் குழந்தைக்குக் கவலை. ரெண்டு பேர் ரத்தமும் பார்த்துடலாம்."

"மாப்பிள்ளையா? ஊசியை டி.வி.யில காட்டினாலே சேனலை மாத்துற ஆளு." சொல்லிவிட்டு, சிரிக்காமல் நின்றான். "அவகிட்ட நான் சொல்றேன். நீ சொல்ல வேண்டாம். அந்த மூணு வீட்டுக்கும் யார் சொல்றது?"

"நாளைக்குக் கமிட்டி முடிவு பண்ணும்."

"எங்க தொழில்ல கமிட்டியெல்லாம் அப்புறம் பாப்பா. முதல்ல 'ஏறாதே'ன்னு போர்டை மாட்டிட்டுத்தான் கருவியையே எடுப்போம்."

அவன் படியில் இறங்கிப் போனான். லிஃப்ட் இருந்தும் அதில் ஏறவில்லை.

உள்ளே வந்து அவள் தன் விரலையும் துடைத்து, குத்திக்கொண்டாள்.

"மேடம், சோதிக்கிறவங்க ரத்தத்தை வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே," என்றாள் பஞ்ச் அக்கா.

"இது ரிப்போர்ட்டுக்கு இல்ல. எனக்கு."

பதினொன்றரைக்கு எண்கள் வந்தன. அண்ணன் ஐம்பத்திரண்டு. அவள் நூற்று மூன்று.

பஞ்ச் அக்கா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நல்ல கல்லு இங்கயேதான் இருந்திருக்கு," என்று மட்டும் சொன்னாள். நடையில் பேசியது உள்ளே கேட்டிருக்கிறது.

அவளுக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. ஒரு நாற்காலி கிடைத்தால் உட்காரலாம் என்று தோன்றியது. உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

*

இதே ஊரில் இருந்த அந்தச் சிறுமியின் அம்மா ஒரு தையல்காரி. மதியம் பன்னிரண்டு மணிக்கு மகளோடு வந்தாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

"பழைய அட்டை ஒண்ணைச் சரிபார்க்கணும்னு போன்ல சொன்னீங்க மேடம். அரை நாள் லீவு போட்டா முதலாளி முகத்தைத் தூக்கி மோட்டுவளையில வச்சுக்குவார். சீக்கிரம் முடியுமா?"

"கால் மணி நேரம்."

சிறுமியின் இரண்டு காதிலும் கருவி. உதடுகளையே பார்த்தாள். வாயோரம் சிவந்து தடித்திருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாலும் நெற்றிக்கு மேலே சொட்டை விழுந்த இடங்கள் தெரிந்தன. ஏழு வருடத்துக்கு முன்னால் தினம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தால், இதில் எத்தனை இருந்திருக்காது? எல்லாமா, ஒன்றிரண்டா? ஆராய்ச்சிக்காரிக்கு விடை தெரியாது. இந்த அளவுக் குறைவில் எல்லாக் குழந்தைக்கும் காது போவதில்லை. சிலருக்குப் போகிறது. இவளுக்கு இதனால்தான் போனது என்று எந்தக் கருவியும் எழுதித் தராது.

விரலில் குத்தியபோது சிறுமி அழவில்லை. ரத்தம் வட்டத்துக்குள் பரவுவதை ஆர்வமாகப் பார்த்து, அம்மாவைத் தொட்டுக் காட்டினாள்.

"இவளுக்கு எதைக் கண்டாலும் வேடிக்கைதான்," என்றாள் தையல்காரி. "எதுக்கு மேடம் இந்த டெஸ்ட்? பிறந்தப்பவே நீங்க பார்த்து, எல்லாம் சரியா இருக்குன்னு பேப்பர் வந்துச்சே. இன்னும் வச்சிருக்கேன்."

கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட தாள். எல்லா அளவுகளும் இயல்பு என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்து.

அவளுடைய கையெழுத்து.

"இதை ஏன் இப்படி உறை போட்டு வச்சிருக்கீங்க?"

"நான் எங்க போட்டேன்? எங்க மாமியார் போட்டது." தையல்காரி நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள். "இவளுக்கு ரெண்டரை வயசுல காதுல ஒரே அரிப்பு. நான்தான் கொண்டை ஊசியை வச்சு லேசா எடுத்துவிட்டேன். ஒரு தடவைதான் மேடம். சத்தியமா ஒரு தடவை. கொஞ்ச நாள்ல காது கேட்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுல இந்தப் பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டாங்க. 'பொறக்கும்போது நல்லாத்தானே பொறந்துச்சு, ஆஸ்பத்திரிக்காரங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க, அப்புறம் கெட்டது யார் கையால?'ன்னு கேட்பாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாங்க. தப்பித் தவறி நானே மறந்தாக்கூட அது மறக்கவிடாது."

தையல்காரியின் தலைமுடியை அவள் அப்போதுதான் கவனித்தாள். கொண்டையை ஊசியில்லாமல், லைனிங் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"டாக்டர் யாரும் ஊசியால இல்லைன்னு சொல்லலையா?"

"கேட்காத ஆள் இல்ல. 'சொல்ல முடியாதும்மா'ங்கறாங்க. சொல்ல முடியாதுன்னா ஆமான்னுதானே அர்த்தம்?"

சொல்லிவிடலாம். இப்போதே. இந்தத் தாள் பொய் என்று ஒரே வரி. நாக்கு நுனி வரை வந்தது. நாளை பத்து மணி, கமிட்டி, ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. காலையில் அண்ணனிடம் மீறிய வாய், இந்தப் பெண்ணிடம் ஏன் மீறவில்லை? அண்ணன் திட்டமாட்டான் என்று தெரியும். இவள் திட்டுவாள் என்று பயம். அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதில், இத்தனை படிப்புக்கு அப்புறம், அவ்வளவுதான்.

"கீழ குழந்தைங்க டாக்டரைப் பாருங்க. நான் சொல்லி வச்சிருக்கேன்," என்றாள். "ஒரு வைட்டமின் மாத்திரை எழுதித் தருவாரு. இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது."

"காது வந்துடுமா மேடம்?"

"காது வராதும்மா. தோல் சரியாகும். முடி வளரும். இனிமே எதுவும் போகாம இருக்கும்."

தையல்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறைய மாத்திரைகளைப் பார்த்தவள். உறை போட்ட தாளைப் பைக்குள் வைத்தாள். வைக்காமல் போனால் வீட்டில் கேட்பார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சிறுமியின் எண் வந்தது. இருபத்து மூன்று.

*

காரைக் கணவர்தான் ஓட்டினார். மழை பெய்து ஓய்ந்த சாலை, வண்டிகள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. வலது முழங்காலை அவர் அடிக்கடி தேய்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. பழைய சாமான் போட்டு வைக்கும் அறை ஒன்றைச் சுத்தம் செய்து, கடன் வாங்கின ஒற்றைக் கருவியோடு அவர் தொடங்கியதுதான் இந்த நிலையம். அந்த அறையில் முதல் அட்டையைத் துளைத்தவள் அவள்.

"மச்சான்கிட்ட சொல்லிட்டே," என்றார்.

"ஆமா."

"மதியம் எனக்கு போன் பண்ணினான். 'மச்சான், என்னை டிஸ்மிஸ் பண்ணிட்டீங்களாமே'ங்கறான்." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் கொட்டாவியானது. "சரி, போகட்டும். பின் சீட்டுல ஒரு கவர் இருக்கு. எடு."

எடுத்தாள். ஒரு பக்கக் கடிதம், மூன்று பிரதி. மூன்று குடும்பத்துக்கும் ஒன்று. கூரை விளக்கைப் போட்டுப் படித்தாள்.

'எங்கள் நிலையம் மேற்கொள்ளும் தொடர் ஆய்வு ஒன்றில் பங்கேற்கத் தங்கள் குழந்தை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. பங்கேற்பது முற்றிலும் தங்கள் விருப்பம்...' கீழே அவள் பெயர், பதவி, கையெழுத்துக்கு இடம்.

"தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது," என்று வாய்விட்டுப் படித்தாள். "பரிசு விழுந்த மாதிரி இருக்குங்க."

"வார்த்தையை விடு. விஷயத்தைப் பாரு. மூணு பிள்ளையும் வரும், மூணுக்கும் மாத்திரை கிடைக்கும். ஆயுசு பூரா நாமளே பார்த்துப்போம். நாளைக்குக் கமிட்டி கேட்கும்போது கடிதம் தயார்னு வச்சுட்டேன்னா, பேச்சு அத்தோட முடியும். யாருக்கு என்ன நஷ்டம்? 'தவறு'ங்கற ஒரு வார்த்தை இல்ல. அவ்வளவுதான்."

"முழுப் பூசணிக்காயை மறைக்க நீங்க சோத்துப் பானையே வாங்கிட்டு வந்துட்டீங்க."

"கிண்டல் பண்ணாதே." குரல் உயரவில்லை. களைப்புதான் தெரிந்தது. "தப்பு நடந்துச்சுன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே ஒவ்வொரு தாயும் 'என் பிள்ளை அட்டை சரியா'ன்னு வந்து நிப்பா. நிக்கட்டும், அதைச் சமாளிக்கலாம். ஆனா 'இவங்க சொல்றதே தப்பாம், எதுக்குப் பச்சைப் பிள்ளையைக் குத்தணும்'னு விட்டுடுவாங்களே, அவங்களை என்ன பண்றது? வருஷத்துக்கு இருபது பிள்ளைங்களை நாம காப்பாத்தறோம். மூணு பேருக்காக அந்த இருபதை விடச் சொல்றியா?"

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் கஷ்டம். பொய் சொல்கிற மனிதரோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்திருந்தால் இந்த நிமிஷம் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணாவது பிள்ளையை எப்படித் தேடப் போறீங்க?" என்று கேட்டாள்.

"பழைய முகவரிக்கு அனுப்புவோம். தபால்காரர் விசாரிப்பார்."

"ஆராய்ச்சிக்குக் கூப்பிடறாங்க, வந்தா வாங்க, வராட்டி பரவாயில்லன்னு ஒரு கடிதத்துக்காகவா? யாருங்க விசாரிப்பா? எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தா நானே அலமாரிக்கு அடியில விரிச்சுடுவேன். உங்க பிள்ளைக்குத் தப்பாச் சொல்லிட்டோம்னு இருந்தாத்தான், அக்கம்பக்கத்துல இருக்கறவங்ககூட அதைத் தூக்கிக்கிட்டு அவங்களைத் தேடி ஓடுவாங்க."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இன்னிக்கு அந்தத் தையல்காரி வந்தா," என்றாள். கொண்டை ஊசியைச் சொன்னாள். பிளாஸ்டிக் உறையைச் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவதைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், நீட்டுவதற்குத் தெம்பில்லை. "அந்தப் பேப்பர்ல இருக்கறது என் கையெழுத்துங்க. நாலரை வருஷமா அதை வச்சுத்தான் அவளை அடிக்கறாங்க."

"காது அதனாலதான் போச்சுன்னு உன்னால நிரூபிக்க முடியாது."

"முடியாது. ஊசியாலதான்னு அவங்களாலயும் முடியாது. ஆனா அவங்ககிட்ட ஒரு பேப்பர் இருக்கு. அவகிட்ட ஒண்ணும் இல்ல."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் எஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் இறங்கவில்லை. கண்ணாடியில் மழைத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகிக் கீழே ஓடின.

"எல்லா மாசமும் அந்தப் பதிவேட்டுல 'சரிபார்க்கப்பட்டது'ன்னு போட்டது நான்," என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "உன் கையெழுத்து மட்டும் இல்ல. விளக்கு பழசுன்னு நீ எழுதினே, நான் விளக்குக்குத்தான் பணம் ஒதுக்கினேன். இந்த ரெண்டு மாசம். அதை மட்டும் கடந்துட்டா போதும்னு பார்க்கறேன். தப்பா?"

இப்படிக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொண்டாள். முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை சூடாக இருந்தது.

அவர் மறு கையால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார். "எனக்காகம்மா."

இந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் அதிகம் செலவழித்தவர் இல்லை. அவளுக்குத் தெரியும். கடிதங்கள் மூன்றும் மடியில் கிடந்தன. மூன்று கையெழுத்து, அரை நிமிடம். அப்புறம் மாடிக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். உடம்பு அதைத்தான் கேட்டது, கெஞ்சிக் கேட்டது.

அவள் பேனாவை வாங்கினாள். அவரிடமிருந்து மூடியையும் வாங்கி மூடினாள். கடிதங்களை உறைக்குள் போட்டு, உறையை அவர் மடியில் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"மாட்டேன்ங்க."

"நாளைக்குக் கமிட்டியில கேட்டா நான் என்ன சொல்ல?"

"கேட்டேன், அவ போடலைன்னு சொல்லுங்க," என்றாள், கதவைத் திறந்துகொண்டே.